ஒரு தகடு முடிந்த கதை

கடைசல் பட்டறையில் அவருக்கு அரைநூல் என்றுதான் பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி பிசகினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. யார் எதைக் கடைந்து கொண்டுவந்து காட்டினாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "அரைநூல் தள்ளியிருக்கே" என்பார். அளந்து பார்த்தால் தள்ளித்தான் இருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தாலாவது நாலு பேர் சிரித்து ஆறுதல் பட்டிருப்பார்கள். அதற்கும் வழியில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஓவியர். பொழுது போகாமல் வரைகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். படங்களைத் தேடி வந்து வாங்கிப் போனார்கள், அப்படி ஒரு கை. குறை ஒன்றே ஒன்றுதான்: எந்தப் படத்தையும் அவளுக்கு முடிக்கத் தெரியாது.

போன வாரம் பார்த்துப் பிடித்துப்போய்ச் சொல்லிவிட்டுப் போனவர்கள் இந்த வாரம் எடுத்துப் போக வந்தால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற மரம் அந்தப் பக்கம் நிற்கும். அவளுடைய சொந்த அண்ணன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து ஒரு படம் எழுதச் சொன்னார். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் அப்படியே அச்சாக வந்திருந்தார்கள். எடுத்துப் போகிற நாளில் பார்த்தால் அண்ணன் நின்ற இடத்தில் ஒரு பூ ஜாடி. "அண்ணன் நின்னா படம் ஒரு பக்கமா சாயுதுங்க, நான் என்ன பண்றது?" என்றாள். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர் வருஷக் கணக்கில் வாசற்படி மிதிக்கவில்லை. அரைநூல்தான் போய், காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். அண்ணி மட்டும் அந்தப் படத்தை வாங்கிக் கூடத்தில் மாட்டி வைத்துக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

குற்றமெல்லாம் வர்ணத்தின் மேல்தான் என்று அரைநூல் தீர்மானித்தார். காய்ந்த வர்ணத்தின் மேல் இன்னொரு வர்ணம் பூசலாம், அதன் மேல் இன்னொன்று. தடுப்பதற்கு யார்? கடைசல் லேத்தில் அப்படியா? ஒரு சீவல் கூடுதலாக எடுத்துவிட்டால் எடுத்ததுதான், தலைகீழாக நின்றாலும் திரும்ப ஒட்டாது. கெட்டுப்போகுமே என்ற பயம் இருந்தால்தான் மனுஷன் ஒரு வேலையை முடிப்பான் என்பது அவருடைய கட்சி.

ஒருமுறை இருவரும் ஒரு கண்காட்சிக்குப் போனார்கள். சுவர் நிறைய அச்சுப்படங்கள். அவள் படங்களைப் பார்த்தாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த செம்புத் தகட்டைப் பார்த்தார். தகட்டில் கோடுகளைக் கீறி, கோட்டுப் பள்ளங்களில் மை ஏற்றி, ஈரக் காகிதத்தை மேலே வைத்து அழுத்தினால் படம் காகிதத்துக்கு வந்துவிடும், ஒரே தகட்டிலிருந்து ஒரே மாதிரி எத்தனையோ படிகள் எடுக்கலாம் என்று அங்கே இருந்தவர் விளக்கினார். அரைநூலுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"கீறினா கீறினதுதானே? அப்புறம் மாத்த முடியாதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே தொடங்கிவிட்டார். "நீ இதைக் கத்துக்கயேன். உன் கைக்கு நல்லா வரும்."

அவளும் கற்றுக்கொண்டாள். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது, பிடித்தால் உடும்புப் பிடி. முதலில் தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டில் செதுக்கினாள். அழுத்துவதற்குக் கரண்டியின் முதுகு. வீட்டிலிருந்த கரண்டிகள் எல்லாம் கறுத்துப்போயின. பிறகு மரப்பலகை. அதற்கும் பிறகுதான் செம்பு. செம்புக்குக் கரண்டியின் பலம் போதாது. பட்டறையில் தகடு வளைக்கிற பழைய இயந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் இரண்டு உருளைகளையும் கேட்டு வாங்கி வந்து, கடைந்து வழவழப்பாக்கி, நாலு கை வைத்த சக்கரம் பூட்டி, அரைநூல் முன்னறையில் ஓர் அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். முதல் நாள் சக்கரத்தைச் சுற்றியதும், உருளைகளுக்கு நடுவே ஓட வேண்டிய இரும்புப் பலகை நிற்காமல் மறுபக்கமாக ஓடிப்போய் அவருடைய கால் கட்டைவிரலில் இறங்கியது. முனையில் தடுப்பு வைக்க மறந்திருந்தார்.

"எவ்வளவு தள்ளியிருக்கு? அரைநூல் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதல் செம்புத் தகட்டில் அவள் வரைய எடுத்துக்கொண்டது அவரைத்தான். தகட்டின் மேல் மெழுகைப் பூசி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கே எடுத்து வந்தாள். அவர் லேத்துக்கு முதுகைக் காட்டி அவளைப் பார்த்து நிற்க, ஊசியால் மெழுகைக் கீறிக் கீறி நேராகத் தகட்டிலேயே வரைந்தாள். வீட்டில் அதை அமிலத்தில் போட்டதும், மெழுகு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்று கோடாக்கியது. குளியலறைத் தரையையும் கொஞ்சம் தின்றது. தகட்டைக் கழுவி, மையைத் தேய்த்து ஏற்றி, வலைத்துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் ஒரு துடைப்புத் துடைத்தாள். மேட்டில் மை போய்விட்டது, பள்ளத்தில் நின்றது. ஊறவைத்த காகிதம், அதன் மேல் கம்பளி. அவர் சக்கரத்தைச் சுற்றினார். அவள் காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

முகம் அவருடைய முகம்தான். மூக்கு நுனியில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இருந்தது. ஆனால் அரைநூல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர் இரண்டு கண்ணையும் திறந்து அலறினார்.

"ஏம்மா, லேத் தலை வலது பக்கம் இருக்கு! இடது பக்கம்ல இருக்கணும்!"

"ஐயையோ" என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அச்சுல இடது வலது மாறும்ல. எதிர்ல உங்களைப் பார்த்துக்கிட்டே போட்டேனா, மறந்தே போச்சு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். யார் வந்து லேத்தின் தலை எந்தப் பக்கம் என்று பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இவர் விடுவாரா? "உலகத்துல இப்படி ஒரு மெஷின் கிடையாது. பார்க்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? இத்தனை வருஷம் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாத்தி வச்சு வேலை பார்த்தேன்னு நினைப்பான்." சாப்பிடும்போது அதே பேச்சு, எழுந்ததும் அதே பேச்சு. கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே ஒரு பழைய முப்பட்டை அரத்தைச் சாணை பிடித்து, மூன்று விளிம்பும் கத்தி மாதிரி ஆக்கி, அவள் கையில் கொடுத்தார். "இதால சுரண்டி எடு. லேத்தை மட்டும்."

அவள் சுரண்டினாள். செம்பு சுருள் சுருளாக வந்தது, லேத் போய்விட்டது. போன இடத்தில் குழி விழுந்தது. அதற்கும் வழி சொன்னது யார்? சாட்சாத் அரைநூல்தான். தகட்டைக் கவிழ்த்து, வளைந்த கால் காம்பஸால் குழி எங்கே என்று பின்பக்கம் துல்லியமாகக் குறித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மேடாக்கி, மொட்டைக் கம்பியால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிக் கொடுத்தார். புது லேத்தைச் சரியான பக்கத்தில் அவள் வரைந்துகொள்ள இடம் தயார்.

அவள் அந்த வழவழப்பை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம். "அப்போ இதுல எதை வேணும்னாலும் அழிச்சிட்டு மறுபடி போட்டுக்கலாமா?"

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்பது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தத் தகட்டுக்கு ஓய்வு ஏது? பின்னால் ஒரு ஜன்னல் வந்தது. பட்டறையில் பக்கத்து லேத்துக்காரர் ஒருவர் வந்து நின்றார். அடுத்த மழைக்காலத்தில் அவர் சுரண்டப்பட்டு அங்கே ஒரு சட்டை தொங்கியது. ஜன்னல் சிறுத்தது, பிறகு அதுவும் போயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படியோ இரண்டு படியோ எடுப்பாள், காயவைப்பாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், மறுபடி சுரண்டியைத் தேடுவாள். மற்றத் தகடுகளும் இதே லட்சணம்தான் என்றாலும், இது மட்டும் சனியனாக வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அரைநூல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றார். தகட்டுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல், அவள் பார்க்கிற பார்வை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பார், "அப்படியே இருங்க" என்பாள். வாயில் கவளம் இருக்கும்போது, "மெல்லாதீங்க, ஒரு நிமிஷம்" என்பாள். கன்னம் ஒட்டியதா, புருவத்தில் நரை விழுந்ததா, எல்லாம் பார்த்து அன்றே தகட்டில் ஏற்றிவிடுவாள். முன்நெற்றி மயிர் கொட்டியதை அவர் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தகட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"எப்பத்தான்டியம்மா முடிப்பே இதை?" என்று ஒருநாள் கத்தியே விட்டார்.

"நீங்க மாறிக்கிட்டே இருக்கீங்க. நான் எப்படி முடிக்கிறது?" என்று அவளும் கத்தினாள். தப்பு அவர் பேரில் போய்விட்டது.

இதற்கு நடுவில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அச்சுப்படக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதில் சேர வேண்டும். சேர்வதற்கு ஒரு தகட்டிலிருந்து பத்துப் படிகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல், அனுப்ப வேண்டும். முதல் முறை அனுப்பியபோது நாலு படிகளில் மேகம் இருந்தது, மற்ற ஆறில் இல்லை. இரண்டாம் முறை எட்டாவது படியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. நாய் எங்கிருந்து வந்தது என்று அரைநூலுக்கே தெரியாது. சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர், நேரில் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்க அருமையான ஓவியர்மா. அதோட இருந்துக்கலாமே."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் அழுதுவிட்டாள். "ஓவியர்னு சொன்னாரே, அது திட்டுங்க. உனக்கு இந்தக் கை இல்லை, வெளியில நில்லுன்னு சொல்றாரு. மெழுகும் அமிலமுமா இத்தனை வருஷம் நான் செஞ்சது பின்ன என்ன?" செயலாளர் சொன்னது சரிதான் என்று அவருடைய ஒரு கண் சொன்னது. அந்த ஆளை இரண்டு சாத்து சாத்தலாமா என்று கை துடித்தது.

மூன்றாம் முறை அவளே முடிவெடுத்தாள். "அந்தத் தகட்டைத்தான் அனுப்பப் போறேன். உங்க தகட்டை. அதை முடிச்சாத்தான் நான் எதையாவது முடிச்சதா அர்த்தம்." இந்த முறை சங்கத்தின் நிபந்தனையும் கூடியிருந்தது. படிகளை எடுத்த பிறகு செயலாளர் வீட்டுக்கே வருவார். அவர் கண் முன்னால் தகட்டைக் குறுக்கும் நெடுக்கும் கீறி அடித்துவிட வேண்டும். அடித்த தகட்டிலிருந்து ஒரு படி எடுத்துக் கொடுக்க வேண்டும். இனி யாரும் அதிலிருந்து இன்னொரு படி எடுக்க முடியாது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அச்சுப்படக்காரர்களிடையே இது வழக்கம்தானாம். கேட்டதும் அரைநூலுக்கு மனம் குளிர்ந்தது. அடித்துவிட்டால் சுரண்ட முடியாதே! இந்த வழக்கத்தை முதலிலேயே யாராவது சொல்லித் தொலைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

அச்செடுக்கிற அன்று காலையில் முதல் வேலையாக ஊசி, சுரண்டி, மொட்டைக் கம்பி எல்லாவற்றையும் தம்முடைய இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் முறைத்தாள். மை ஏற்றுவதும் துடைப்பதும் அவள், சக்கரம் அவர்.

துடைப்பதிலேயே சண்டை தொடங்கியது. ஓவியர் கை ஒரே மாதிரி துடைக்குமா? முதல் படியில் தோளுக்கு மேல் கொஞ்சம் மையை விட்டு வைத்தாள், நிழல் மாதிரி விழுந்தது. இரண்டாவதில் அதே இடத்தைப் பளிச்சென்று துடைத்தாள்.

"முன்ன மாதிரி துடை."

"இது இன்னும் நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்கிறதை எவன் கேட்டான்? அதே மாதிரி இருக்கணும்."

"கையைக் கழட்டி உங்க மெஷின்ல மாட்டிடுங்களேன்!"

அந்த இரண்டு படிகளையும் கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள் அவள். வலைத்துணியை எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் விடுவது, உள்ளங்கை எத்தனை முறை போவது, எல்லாம் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். ஒவ்வொரு படியையும் அவர் முந்தைய படியின் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பாதி முடிந்திருக்கும்போது அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதே பார்வை. "இடது கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்திருக்கு. தகட்டுல இல்ல."

வந்தது வினை என்று அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். எவ்வளவு கெஞ்சினாலும் சாவியைக் கொடுப்பதில்லை என்று, சொல்ல வேண்டிய பதில்களை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டார். அவள் கெஞ்சவே இல்லை. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மையை ஏற்றக் குனிந்தாள். வரிசைப்படுத்தி வைத்த பதில்களோடு அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் வந்தபோது பத்துப் படிகளும் காய்ந்து, அழுத்தி, நேராக இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், வரிசை மாற்றிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பிரமாதம்மா. எங்க ஆளுங்களே இப்படி எடுக்கிறதில்லை" என்றார். அவள் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது. "அப்போ தகட்டை அடிச்சிடலாமா?" என்று கேட்டார் செயலாளர்.

அரைநூல் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக் கொடுக்க வேண்டும். திறந்தார். ஊசியைத் தேடினார். கண்ணெதிரே கிடந்தது, தேடினார். அப்புறம், "ஒரு டீ சாப்பிட்டுட்டு அடிக்கலாமே, என்ன அவசரம்?" என்றார். டீ வந்தது. குடித்து முடித்ததும், இந்த உருளைகள் எங்கே கிடந்தன, எப்படிக் கடைந்தார், கட்டைவிரல் நகம் எப்படிப் போயிற்று என்று செயலாளருக்கு ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினார். செயலாளர் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். அரைநூலுக்குத் தம் மேலேயே எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் முடி, முடி என்று உயிரை எடுத்தது யார்? இப்போது வாய் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? அவள்தான் தயங்குவாள், கடைசி நிமிஷத்தில் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவாள், அப்போது என்ன சொல்லித் தேற்றுவது என்றுதான் அவர் யோசித்து வைத்திருந்தார்.

சர்ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஊசியை அவளே எடுத்து, வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலை வரை ஒரே இழுப்பாக இழுத்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கோடும் விழுந்துவிட்டது. இரண்டும் அவருடைய மூக்கு முனையில் வெட்டிக்கொண்டன. கோட்டில் எழும்பிய செம்புப் பிசிறை ஊதிவிட்டு மையை எடுத்தாள்.

சக்கரத்தை அவர்தான் சுற்றினார். வேறு யார் சுற்றுவது? காகிதத்தை உரித்ததும், குறுக்கே இரண்டு கறுப்புக் கோடுகளுக்குப் பின்னால் அவருடைய முகம் நின்றது.

"இனி நீங்க எங்க ஆளு" என்று சொல்லிச் செயலாளர் படிகளை அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அவரைத் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அவள், உருளைகளைத் துடைக்க உட்கார்ந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. அவர் தகட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். சாய்த்துப் பிடித்தால் சுரண்டிய இடங்களெல்லாம் மங்கலாகத் தெரிந்தன: ஜன்னல், பக்கத்து லேத்துக்காரர், முன்நெற்றியில் இருந்த மயிர். எதையும் அவளால் முழுசாக அழிக்க முடியவில்லை. இவ்வளவையும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். அத்தனை வருஷம் அவரை இப்படி யார் பார்த்தார்கள்? அவர் கடைந்த சாமான்களைப் பார்த்தார்கள். அவர் முகத்தை இவள் ஒருத்திதான் பார்த்தாள். அதற்கும் அவர் கத்தித்தான் தீர்த்தார். எல்லாம் சேர்ந்து கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அந்தக் கண்ணு மடிப்பை நீ போடவே இல்ல."

"சாவியைத்தான் நீங்க வச்சிருந்தீங்களே" என்றாள் அவள், உருளையைத் துடைத்துக்கொண்டே.

"கேட்டிருக்கலாம்ல? கேட்டா கொடுத்திருப்பேன்."

"எதுக்குங்க? முடிஞ்சிடுச்சு. நிம்மதியா இருங்க, இனிமே உங்களை அசையாதீங்கன்னு நான் தொந்தரவு பண்ண மாட்டேன்." சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"அதெப்படி முடியும்?" என்று அவர் கத்தினார். "நான் இன்னும் இருக்கேன்ல?"

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, துணியைக் கீழே வைத்து, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.